டர்போ காருக்குப் பாகம் மாட்டியாச்சு, இனி ட்யூனிங்: புதியவர்களுக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு வழிகாட்டி

போன சித்திரையில் பள்ளத்தூரிலிருந்து ஒரு தம்பி காரை எடுத்துக்கொண்டு வந்தார். சின்ன டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக். புது இன்டேக் (காற்று உள்ளே போகும் வழி), புது டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), பெரிய இண்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது), மூன்றும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாட்டியது. "அண்ணே, பாகத்துக்கே அறுபதாயிரம் ஆச்சு. முன்ன போன வேகம்கூட இப்பப் போக மாட்டேங்குது" என்றார். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்ஜினை நடத்தும் கணினியான ஈசியுவில் ஒரு ட்யூனிங் ஃபைலை (எப்போது எவ்வளவு காற்று, பெட்ரோல், தீப்பொறி என்று சொல்லும் அட்டவணைகள்) வாங்கி ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பித்தான் வந்திருந்தார்.

ஃபைல் ஏற்றுவது சில நிமிட வேலை. அதற்கு முன்னால் காரை அளப்பதுதான் ட்யூனிங்கில் முக்கால் பங்கு. அந்தத் தம்பிக்கு நான் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். வெல்டிங் இல்லாமல், இன்ஜினைப் பிரிக்காமல், பழையதைக் கழற்றிய இடத்திலேயே மாட்டக்கூடிய பாகங்களைத்தான் போல்ட்-ஆன் என்கிறோம், இந்த வழிகாட்டி அவற்றுக்கு மட்டும்தான். பெரிய டர்போ, புது பிஸ்டன் போன்ற விஷயங்களுக்கு இது போதாது.

பாகம் மாறினால் ஈசியுவுக்கு என்ன ஆகிறது

செட்டிநாட்டு வீட்டில் முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியும். கதவுகளைத் திறந்துவிட்டால் காற்று தடையில்லாமல் ஓடும். பின்வாசலைச் சாத்தினால் முன்வாசல் எவ்வளவு அகலமாக இருந்தாலும் புழுக்கம்தான். டவுன்பைப் மாற்றுவது டர்போவுக்குப் பின்வாசலைத் திறந்துவிடுவது. புகையால் சுழலும் டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் குறைவதால் டர்போ சீக்கிரமே வேகம் எடுக்கும். புகையில் ஒரு பங்கை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வான வேஸ்ட்கேட் பழைய நிலையிலேயே இருந்தாலும் முன்பைவிட அதிக பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) வரும். ஈசியு 0.9 பார் கேட்டால் 1.1 பார் வந்து நிற்கும். வேஸ்ட்கேட்டை இன்னும் திறந்து சமாளிக்கப் பார்க்கும். முடியாவிட்டால் பி0234 என்று ஓவர்பூஸ்ட் கோடு போட்டு, லிம்ப் மோடுக்குப் போய் பவரை இறக்கிவிடும். தம்பி காரில் இருந்தது இதற்கு நேர் எதிரான கோடு, பி0299. கேட்ட பூஸ்ட் வரவில்லை என்று அர்த்தம். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

இன்டேக் விஷயம் வேறு. சில கார்களில் உள்ளே போகும் காற்றை மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அளக்கிறது. அந்தக் குழாயின் விட்டத்தை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. விட்டம் மாறினால் கணக்கு பொய்யாகும். மேனிஃபோல்டு (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்) அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் கார்களில் இந்தத் தொந்தரவு குறைவு. உங்கள் கார் இதில் எந்த வகை என்பதைப் பாகம் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டுக்குப் பின்னால் வரும் கேட்-பேக் எக்ஸாஸ்ட்டுக்குத் தனியாக ட்யூனிங் பெரும்பாலும் தேவைப்படாது.

சட்டம்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்ற அனுமதி வேண்டும். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதித் தெரிவியுங்கள். கம்பெனி வாரன்டி போகலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டலிஸ்ட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள். அதில்லாமல் கிடைக்கும் கூடுதல் பவர் கொஞ்சம், வெளியே விடும் நச்சு மிக அதிகம். நம் பிள்ளைகள்தான் அதே தெருவில் பள்ளிக்கூடத்துக்கு நடக்கிறார்கள். கழற்றிய ஸ்டாக் பாகங்களை விற்காமல் ஒரு பெட்டியில் போட்டுப் பரணில் வையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பாகம்

இரண்டு வருடம் முன்பு என் காரில் இன்டேக்கையும் இண்டர்கூலரையும் ஒரே நாளில் மாட்டினேன். மறுநாள் லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் (ஈசியு பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தம்) கூட்டல் 14 சதவீதத்தில் நின்றது. காற்று எங்கே கசிகிறது என்று இரண்டு நாள் தேடினேன். கசிவே இல்லை. புது ஃபில்டரில் தடவியிருந்த எண்ணெய், சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்திருந்தது. கம்பி சரியாகக் குளிராததால் காற்றைக் குறைத்துக் காட்டியது. அதற்கென்று இருக்கும் க்ளீனரை அடித்துக் காயவைத்ததும் ட்ரிம் 3-க்கு இறங்கியது. ஒன்றை மாட்டி, ஓட்டி, அளந்து, அப்புறம் அடுத்ததை மாட்டியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

இன்னொன்று. திறந்த கூம்பு ஃபில்டர் நம் பகுதிக்கு ஆகாது என்பது என் முடிவான கருத்து. பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றையே அது உறிஞ்சும். அதோடு இந்தச் செம்மண். கண்டனூர்ப் பக்கம் ஒரு கட்டட வேலைக்குப் பதினைந்து நாள் போய்வந்த காரின் ஃபில்டரைத் தரையில் தட்டினேன். காவிப் பொடி ஒரு கைப்பிடி கொட்டியது. நல்ல பேனல் ஃபில்டரை ஸ்டாக் பெட்டிக்குள்ளேயே போடுங்கள், அல்லது மூடிய பெட்டியுள்ள இன்டேக் வாங்குங்கள். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

இன்ஜின் ஆரோக்கியம்

நோஞ்சான் இன்ஜினுக்கு ட்யூனிங் செய்தால் அது சாவதற்குத்தான் நாள் குறிப்பீர்கள். கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்ற சோதனை) எடுங்கள். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஆயில், கூலன்ட் இரண்டையும் புதிதாக மாற்றுங்கள். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ என்றால் ஏபிஐ எஸ்பி தர ஆயில் வாங்குங்கள். குறைந்த ஆர்பிஎம்மில் அதிகப் பாரம் வரும்போது தீப்பொறிக்கு முன்பே கலவை எரிந்துவிடும் கோளாறைத் தடுப்பதும் அந்தத் தரத்தின் நோக்கங்களில் ஒன்று. அந்தக் கோளாறு பிஸ்டனையே உடைக்கும்.

ஸ்பார்க் பிளக் புதிதாக இருக்கட்டும். பூஸ்ட் கூடும்போது பொறி அணைந்து மிஸ்ஃபயர் ஆகும் என்பதால் இடைவெளியை 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை குறைப்பது வழக்கம். ஒரு படி குளிர்ந்த பிளக்கும் போடலாம். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ச்சி கூடும், சில கம்பெனிகளில் இது தலைகீழ். பார்த்து வாங்குங்கள்.

அடுத்து பூஸ்ட் லீக் டெஸ்ட். தம்பி காரின் கதை முடிந்தது இங்கேதான். பிவிசி மூடி ஒன்றில் டயர் வால்வு பொருத்தி டர்போவின் வாயில் மாட்டினோம். செக்காலை ரோட்டில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் காற்றை மெதுவாக ஏற்றினார், 1 பார் வரை. நான் சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் அடித்துக்கொண்டே வந்தேன். இண்டர்கூலரின் வலப்பக்க ஹோஸ் கிளாம்ப்பில் நுரை பொங்கியது. கிளாம்ப் இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் குழாய் விளிம்பின் மேட்டைத் தாண்டி உட்காராமல் மேட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அண்ணன் விரலால் அந்த இடத்தைத் தடவிக் காட்டினார். "சோப்புத் தண்ணி இல்லாமலே இது தெரியும் தம்பி, இந்தக் கோட்டைப் பாருங்க." குழாயைச் சுற்றி ஈரமான காவிக்கோடு ஒன்று. கசியும் காற்றோடு கொஞ்சம் ஆயில் ஆவியும் வெளியே வரும். அதில் நம் ஊர்ப் புழுதி ஒட்டிக்கொள்ளும். நம் பக்கத்தில் பூஸ்ட் கசிவு தானே அடையாளம் போட்டுக்கொள்கிறது. வாரம் ஒருமுறை டார்ச் அடித்து ஹோஸ்களைப் பாருங்கள்.

லாக் எடுப்பது

லாக் என்றால் ஓடும்போது சென்சார் அளவுகளைப் பதிவு செய்வது. காரின் சோதனை சாக்கெட்டில் செருகும் ஓபிடி அடாப்டரும் போனில் ஒரு செயலியும் போதும். மலிவான ப்ளூடூத் அடாப்டரில் ஒரே நேரத்தில் பதினைந்து அளவுகளைக் கேட்டால் ஒவ்வொன்றும் வினாடிக்கு ஒருமுறை வருவதே பெரிய பாடு. ஐந்தாறு அளவுகளாகப் பிரித்துப் பிரித்து எடுங்கள். எனக்கு வேண்டியவை: ஆர்பிஎம், கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், இன்டேக் காற்றின் வெப்பம், இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம், டிகிரியில்), ஒவ்வொரு சிலிண்டரிலும் நாக் (கலவை தானே வெடித்துத் தட்டுவது) காரணமாக அந்த டைமிங் பின்வாங்கிய டிகிரி, லாம்டா, ஃப்யூல் ட்ரிம். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்றால் ரெயில் பிரஷரும் (இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம்) வேண்டும்.

ட்ரிம்மைப் படிப்பது எளிது. கூட்டல் என்றால் ஈசியு தன் அட்டவணையைவிட அதிகப் பெட்ரோல் ஊற்றுகிறது, கழித்தல் என்றால் குறைக்கிறது. 5 சதவீதத்துக்குள் நல்லது, 10-ஐத் தாண்டினால் நிறுத்திக் காரணம் தேடுங்கள். ஐடிலில் அதிகமாக இருந்து ஆர்பிஎம் ஏற ஏறக் குறைந்தால் மேனிஃபோல்டு பக்கம் வேக்யூம் கசிவு. பாரம் ஏற ஏறக் கூடினால் பம்ப்பையோ காற்று சென்சாரையோ சந்தேகப்படுங்கள்.

லாம்டா என்பது கலவையின் அளவு. 1 என்றால் பெட்ரோலும் காற்றும் மிச்சமில்லாமல் எரியும் சரிவிகிதம். முழு ஆக்ஸிலரேட்டரில் டர்போ பெட்ரோல் கார்களுக்கு 0.80 முதல் 0.88 வரை வைப்பார்கள். 1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் கூடுதல். அந்தக் கூடுதல் பெட்ரோல் எரி அறையைக் குளிர்விக்கும். இதை அளப்பது எக்ஸாஸ்ட்டில் செருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சார். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை, நடுவே சிர்கோனியா செராமிக். இரண்டு பக்கத்து ஆக்சிஜன் வித்தியாசமே வோல்ட்டேஜாக மாறும். 1953-ல் திறந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், இருக்கும் ஊர் நமது. அங்கே ஆராயும் மின்வேதியியல்தான் இந்தச் சின்னக் குச்சிக்குள்ளும் வேலை செய்கிறது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். பழைய நேரோபேண்ட் சென்சார் லாம்டா 1-ஐச் சுற்றி மட்டுமே சரியாகச் சொல்லும். முழு த்ராட்டில் அளவுக்கு வைட்பேண்ட் வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் முன் சென்சார் வைட்பேண்டாகவே வருகிறது.

எங்கே லாக் எடுப்பது? மூன்றாம் கியரில் ரெட்லைன் வரை மிதித்தால் 120-ஐத் தாண்டும். அதைத் திருமயம் ரோட்டில் செய்யாதீர்கள். நம் சாலைகளில் ஆடு வரும், மாடு வரும். தை மாதம் குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் காவடியோடு நடப்பவர்கள் விடியற்காலையிலேயே சாலையோரத்தில் இருப்பார்கள். செட்டிநாட்டில் இருக்கும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்துக்குப் போகலாமா என்று சில பையன்கள் கேட்கிறார்கள். அது நாம் நுழைந்து ஓட்டுவதற்கான இடம் இல்லை. சாலையில் ஐடில், சீரான வேகம், பாதி த்ராட்டில் வரைக்கும் எடுங்கள். ட்ரிம் பார்க்க அது தாராளம். முழு த்ராட்டில் எல்லாம் டைனோவில், அதாவது காரை உருளைகள்மேல் நிறுத்தி ஓட்டி அளக்கும் கருவியில். கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர் என்று எங்கே போனாலும் பாகம் மாட்டும் முன்பும் பின்பும் ஒரே டைனோவிலேயே அளங்கள். ஒரு டைனோ காட்டும் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

வெயில்

இந்த ஊரில் ட்யூனிங் என்பதே சூட்டோடு நடத்தும் பேச்சுவார்த்தை. கணக்கைப் பாருங்கள். வெளியே 40 டிகிரி. டர்போ 1 பார் பூஸ்ட் கொடுக்கிறது, கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரஸரை விட்டு வெளியே வரும் காற்று சுமார் 138 டிகிரி. ஏறிய சூட்டில் 70 சதவீதத்தை இண்டர்கூலர் இறக்கினால் இன்ஜினுக்குள் போவது 69 டிகிரி. சின்ன இண்டர்கூலர் தானே சூடேறிப்போய்ப் பாதியைத்தான் இறக்குகிறது என்றால் 89. அதே கார், அதே நல்ல இண்டர்கூலர், மார்கழிக் காலையில் 25 டிகிரி என்றால் உள்ளே போவது 53 தான். 89-க்கும் 53-க்கும் நடுவே இருப்பதுதான் நாக்.

அதனால் ஒரே ஒரு பாகம் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் இண்டர்கூலரை வாங்குங்கள். சத்தம் வராது, நண்பர்கள் கவனிக்க மாட்டார்கள், ஆனால் மதியம் இரண்டு மணிக்கும் கார் ஒரே மாதிரி இழுக்கும். சில கார்களில் இண்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே தண்ணீரால் குளிர்வது, ஃபோக்ஸ்வேகனின் இஏ211 டிஎஸ்ஐ இன்ஜின் போல. அதில் முன்னால் ஒன்றை மாட்டிவிட முடியாது. அந்தத் தண்ணீர்ச் சுற்றின் பம்ப்பும் ரேடியேட்டரும் நன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பதே முதல் வேலை.

மார்கழியில் போட்ட மேப் (ஈசியுவில் ஏற்றும் அந்த அட்டவணைதான் மேப்) கத்திரியில் தட்டும். ட்யூனரிடம் இதை முதலிலேயே சொல்லுங்கள்: "எங்க ஊர்ல மே மாசம் நாற்பது டிகிரி, அதுக்குப் போடுங்க." கோயம்புத்தூர்க் குளுமையில் சரியாக ஓடிய டைமிங் இங்கே ஓடாது.

பெட்ரோல்

மேப் எழுதுவது ஒரு பெட்ரோலுக்கு. 100 ஆக்டேனுக்கு (பெட்ரோல் நாக்கைத் தாங்கும் திறனைச் சொல்லும் எண்) எழுதி வாங்கிவிட்டு வழியில் கிடைத்ததை ஊற்றினால் இன்ஜினுக்குத்தான் கேடு. உங்கள் வழக்கமான பங்க்கில் எப்போதும் கிடைப்பது எதுவோ அதற்கு எழுதச் சொல்லுங்கள். 95 கிடைத்தால் அதையே தொடர்ந்து ஊற்றுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. அதன் சரிவிகிதம், ஒரு பங்கு பெட்ரோலுக்கு வேண்டிய காற்று, எடையில் 14.7 இல்லை, சுமார் 13.6. அதே காற்றுக்குக் கிட்டத்தட்ட 8 சதவீதம் அதிகப் பெட்ரோல் வேண்டும். இன்ஜெக்டரும் பம்ப்பும் ஏற்கெனவே எல்லையில் ஓடினால் இந்த 8 சதவீதமே ஆளைக் கவிழ்க்கும். ட்யூனரோடு ஏர்-ஃப்யூல் எண்ணில் பேசாமல் லாம்டாவில் பேசுங்கள். எந்தக் கலப்பானாலும் லாம்டா 1 என்பது 1 தான்.

ஃபைல் ஏற்றும் நாள்

ஏற்றும் முன் ஸ்டாக் ஃபைலைப் படித்து இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். பாதியில் கரண்ட் போனால் ஈசியு செத்துப்போகலாம். லேப்டாப் முழு சார்ஜில் இருக்கட்டும். கார் பேட்டரியோடு நல்ல சார்ஜர் இணைந்திருக்கட்டும், 12.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். சாவி ஆனில் இருக்கும்போது ரேடியேட்டர் ஃபேன் ஓடியே பேட்டரியைக் காலி செய்யும். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு என்று அறிவித்த நாளில் இந்த வேலையை வைக்காதீர்கள். அன்று வேறு வழியே இல்லையென்றால் சார்ஜரை இன்வெர்ட்டரில் போடுங்கள்.

மேப்பில் எதை முதலில் தொடுவது

எழுதுவது ட்யூனர்தான். ஆனாலும் வரிசை தெரிந்தால் சரியான கேள்வி கேட்கலாம். முதலில் சென்சார் கணக்கு, அதாவது ட்ரிம் சுழியத்துக்கு அருகே வரவேண்டும். அப்புறம் பூஸ்ட்: கேட்டதும் வந்ததும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். ஏறும்போது கொஞ்சம் தாண்டி உடனே அடங்கினால் பரவாயில்லை, ஆடிக்கொண்டே இருந்தால் கூடாது. மூன்றாவது முழு த்ராட்டில் லாம்டா. டைமிங் கடைசி. ஒரு டிகிரி கூட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். டார்க் (இன்ஜினின் சுழற்றும் விசை) ஏறவில்லை என்றால் அந்த டிகிரி வீண், திருப்பி எடுத்துவிடலாம். நாக் தெரிந்தால் இரண்டு டிகிரி பின்வாங்கி அங்கேயே நிறுத்த வேண்டும். ஒரு சிலிண்டர் எப்போதாவது 1, 2 டிகிரி பின்வாங்கினால் பயமில்லை. எல்லாச் சிலிண்டரும் ஒவ்வொரு தடவையும் 3, 4 டிகிரி பின்வாங்கினால் அந்த மேப் உங்கள் காருக்கு இல்லை. ட்யூனர் லாக்கைப் பார்க்காமல் "அதெல்லாம் சரியா இருக்கும்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

2,500 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கை மென்மையாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள். சின்ன இன்ஜின்களில் கனெக்டிங் ராட் வளைவதும், முன்கூட்டி எரிவதும் பெரும்பாலும் அங்கேதான். கியர்பாக்ஸுக்கும் எல்லை உண்டு. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் ஏழு கியர் உலர் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸான டிஎஸ்ஜி 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும் என்று வடிவமைத்தது. மேனுவலில் நான்காம் கியரில் ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

அதற்கு அப்புறம்

100 கிலோமீட்டர் ஓடியதும், இன்ஜின் ஆறிய பிறகு, எல்லாக் கிளாம்ப்பையும் மறுபடி இறுக்குங்கள். சிலிக்கான் ஹோஸ் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். ஆயிலை 5,000 கிலோமீட்டரில் மாற்றுங்கள். வீட்டுக்கு வரும் கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வந்தாலே டர்போ ஆறிவிடும். 500 கிலோமீட்டரில் ஒரு லாக், கத்திரியில் மதியம் இரண்டு மணிக்கு அதே சாலையில் அதே கியரில் இன்னொரு லாக். இரண்டையும் ட்யூனருக்கு அனுப்புங்கள்.

பள்ளத்தூர்த் தம்பியின் காரில் ஹோஸைச் சரியாக உட்காரவைத்ததுமே பி0299 போய்விட்டது. டவுன்பைப்புக்கான மேப் வைகாசியில் ஏறியது. போன வாரம் அனுப்பிய லாகில் பூஸ்ட் கோடுகள் இரண்டும் அழகாகப் படிந்திருக்கின்றன. ட்ரிம் கூட்டல் 2. மூன்றாவது சிலிண்டர் மட்டும் ஒவ்வொரு தடவையும் 2 டிகிரி பின்வாங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறும் முன், அந்தப் பிளக்கைக் கழற்றிப் பார்க்கப் போகிறோம்.